தலைக்கயிறைக் கண்டாலே பின்வாங்கும் 3 வயதுப் பெண்குதிரை: எங்கிருந்து தொடங்குவது?

கொள்ளுப்பை:
அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய கத்தியவார் பெண்குதிரை. வயது 3 என்றார்கள். பல்லும் அதைத்தான் சொல்கிறது: முன்பல்லில் நடு ஜோடி விழுந்து முளைத்துவிட்டது, பக்கத்து ஜோடி இன்னும் பால்பல். உயரம் 14 கை (ஒரு கை என்பது 4 அங்குலம்). சவாரிக்கோ வண்டிக்கோ அவசரமே இல்லை.

பிரச்சினை மூன்று. தலைக்கயிறை எடுத்துக்கொண்டு போனால் தலையைத் தூக்கிப் பின்னால் நகர்கிறது, காது பக்கம் கை போனால் இன்னும் மோசம். கட்டிவைத்தால் பின்னுக்கு இழுக்கிறது, ஒருமுறை கயிறே அறுந்தது. பின்னங்காலைத் தொட்டால் உதறுகிறது. "ரெண்டு நாள் தீனி தண்ணி காட்டாம கல்தூணில் கட்டு, தானா வழிக்கு வரும்", "முள் கடிவாளம் போடு" என்கிறார்கள் ஊரில். அடிக்காமல், தரையில் நின்றபடியே பழக்க என்ன வரிசை? தினம் எவ்வளவு நேரம்?

லாயத்து மணி:
முதலில் அந்த இரண்டு யோசனைகளையும் ஓரம் கட்டுங்கள். குதிரையின் இரைப்பையில் அமிலம் நாள் முழுக்க ஊறிக்கொண்டே இருக்கும். தீனி இல்லாவிட்டால் அது இரைப்பைச் சுவரைத்தான் அரிக்கும். தண்ணீரும் இல்லை என்றால் குடலில் தீனி கெட்டிப்பட்டு வயிற்றுவலி வரும், உயிருக்கே ஆபத்து. முள் கடிவாளம் இழுவை, பொதி விலங்குகள் வதைத்தடுப்புக்கான 1965-ஆம் ஆண்டு விதிகளின்படியே தடை. போதாததற்கு, இந்த வயதில் கடைவாய்ப் பால்பற்கள் விழுந்துகொண்டிருக்கும், வாய் ஏற்கெனவே நோகும். கடிவாளப் பேச்சே இப்போது வேண்டாம்.

பழக்கத் தொடங்குமுன் கால்நடை மருத்துவரிடம் காது, பல், முதுகு மூன்றையும் காட்டுங்கள். காதுக்குள் உண்ணி இருந்தாலும் இதே மாதிரிதான் தலையைத் தூக்கும். அது இல்லை என்றால், யாரோ காதை முறுக்கிப் பிடித்து ஊசி போட்டிருப்பார்கள் அல்லது லாடம் அடித்திருப்பார்கள். அந்த ஒரு நிமிட வசதிக்கு அடுத்து வாங்குபவர் மாதக்கணக்கில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

சாமான் அதிகம் வேண்டாம். உச்சியில், அதாவது காதுக்குப் பின்னால், பக்கிள் திறக்கிற தட்டை வார் தலைக்கயிறு ஒன்று. அப்படித் திறந்தால் காதை மடக்கி நுழைக்கிற வேலை இல்லை. 12 அடி நீளத்தில் விரல் கனப் பருத்திக்கயிறு. நைலான் வேண்டாம், ஒரு இழுப்பில் உள்ளங்கையைப் பொசுக்கிவிடும். கையுறை, மூடிய செருப்பு. கயிறு மிச்சம் இருந்தால் S மாதிரி மடித்துப் பிடியுங்கள், கையில் சுற்றவே கூடாது. விரல் போவது அப்படித்தான்.

இனி விஷயம். குதிரை கற்பது நீங்கள் இழுக்கும்போது அல்ல, விடும்போது. அது தலையைத் தூக்கியதும் நீங்கள் கையை எடுத்தால், "தூக்கினால் கை போகும்" என்பது பாடமாகிவிடுகிறது. இதுவரை அதற்கு நடந்தது முழுக்க இதுதான். இனி அசையாமல் நிற்கும் நொடியில் விடுங்கள். 1 நொடி தாமதித்தாலும் பாடம் வேறாகிவிடும்.

நேர் முன்னாலிருந்து போகாதீர்கள், நெற்றிக்கு முன் கொஞ்ச இடமும் வாலுக்குப் பின்னும் அதற்குத் தெரியாது. இடது தோளைப் பார்த்துச் சாய்வாக நடங்கள். கழுத்து விறைக்கிற இடம் ஒன்று இருக்கும், 8 அடியோ 10 அடியோ. அங்கேயே நில்லுங்கள். காதைத் தளர்த்தினாலோ, கண்ணைச் சிமிட்டினாலோ இரண்டடி பின்னால் வந்துவிடுங்கள். அதையே திரும்பத் திரும்பச் செய்ய, அந்த எல்லை தானாகச் சுருங்கும். தோளைத் தொட்டதும் தட்டிக்கொடுக்க வேண்டாம். பிடரிமயிர் முடியும் மேட்டில் நகத்தால் சொறியுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று கடித்துச் சொறிந்துகொள்ளும் இடம் அது, அங்கே சொறிந்தால் இதயத்துடிப்பு குறைகிறது என்று 1993-லேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். மேல் உதடு நீண்டு கோணிக்கொண்டு போனால் சரியான இடம்தான்.

அங்கிருந்து கழுத்து வழியே காதை நோக்கி. காது வரை போகாதீர்கள். தலை தூக்கும் இடத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே திரும்பிவிடுங்கள். நாளுக்கு ஒரு விரற்கடை முன்னேறினால் போதும். தலைக்கயிறும் அப்படியே: முதலில் மூக்கு வளையத்தை விரித்துப் பிடியுங்கள், அதுவே மூக்கை விடட்டும், உடனே எடுத்துவிடுங்கள். மூக்கு தயங்காமல் உள்ளே வரத் தொடங்கிய பிறகுதான் மேல் வார்.

நேரம்: 10 முதல் 12 நிமிடம், காலையில் வெயில் ஏறுமுன் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. அவ்வளவுதான்.

பரிமேலழகன்:
கட்டும் பிரச்சினைக்கு. இது கட்டுத்தறியில் தீர்கிற விஷயமே இல்லை. உச்சியில் அழுத்தம் விழுந்தால் முன்னால் வர வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளுவது குதிரையின் இயல்பு.

பிடிகயிறை நேர் கீழே, ஒரு விரல் கனத்துக்கு மட்டும் இழுத்துப் பிடியுங்கள். அதிகப்படுத்த வேண்டாம், காத்திருங்கள். அரை நிமிடம் ஆகலாம். தலை ஒரு அங்குலம் இறங்கியதும் விட்டுவிடுங்கள். தோள்மேட்டுக்குக் கீழே தலை இறங்கும் வரை இதுதான் வேலை. அப்புறம் முன்னால் ஒரு அடி, இதே மாதிரி. வராவிட்டால் நேராக இழுக்காதீர்கள், 360 கிலோவோடு கயிறிழுப்புப் போட்டியில் நமக்கு வேலை இல்லை. பக்கவாட்டில் இரண்டடி நகர்ந்து இழுத்தால் சமநிலைக்காக முன்னங்கால் தானாக எடுத்துவைக்கும், அந்தக் கணத்தில் கயிறு தளரட்டும். அடுத்து பின்னால் ஒரு அடி, அது படிந்தபின் மூன்று அடி.

பின்புறத்தை விலக்கப் பழக்குவதை விட்டுவிடாதீர்கள். தலையைச் சற்றே உங்கள் பக்கம் திருப்பி, சேணத்தின் வயிற்றுவார் கட்டும் இடத்துக்கு ஒரு சாண் பின்னால் விரல்நுனியால் அழுத்துங்கள். உள்பக்கப் பின்னங்கால் மற்றதற்கு முன்னால் குறுக்கே போனால் சரி. மிரண்டு பாயப்போகும் குதிரைக்கு இதுதான் பிரேக், பின்னங்கால் குறுக்கிட்டால் உந்திப் பாய முடியாது. எல்லாவற்றையும் வலப்பக்கத்திலும் முதலிலிருந்து செய்ய வேண்டும். இடப்பக்கம் கற்றது அங்கே தானாக வந்துவிடாது.

இதெல்லாம் வந்தபிறகு கட்டலாம், அதுவும் முடிச்சுப் போடாமல். வழவழப்பான வளையத்தில் கயிறை ஒரு சுற்று விட்டு, நுனி உங்கள் கையில். பின்னால் இழுத்தால் கயிறு உரசிக்கொண்டு கொஞ்சம் போகட்டும். திமிற ஒன்றும் கிடைக்காததால் நின்றுவிடும். முடிச்சுப் போடும் காலம் வந்தால் இழுத்தால் அவிழும் சுருக்கு, உயரம் தோள்மேட்டுக்குக் குறையாமல், கயிற்றின் நீளம் உங்கள் முழுக்கை அளவு. தாழ்த்திக் கட்டினால் முன்னங்காலைப் போட்டு மாட்டிக்கொள்ளும். வளையத்துக்கும் கயிறுக்கும் நடுவே மெல்லிய சணல் வளையம் ஒன்று, கழுத்து போவதற்குள் அது அறுந்துவிட வேண்டும்.

பின்னங்காலுக்கு: 5 அடி மூங்கில் கழியின் நுனியில் சாக்குத்துணி சுற்றிக்கொள்ளுங்கள். தோளருகே நின்று, முதுகிலிருந்து தொடை, முழங்கால், குளம்பு என்று தடவுங்கள். உதறினால் கழியை எடுக்காதீர்கள், அடிக்கவும் வேண்டாம், சும்மா ஒட்டியே இருக்கட்டும். கால் தரையில் ஊன்றியதும் எடுங்கள். கழிக்கு உதறாத பிறகுதான் கை. முதல்முறை குளம்பின் முன்நுனி தரையை விட்டு எழுந்தால் போதும், 1 நொடியில் கீழே வையுங்கள். அது பிடுங்குமுன் நீங்கள் வைத்துவிட வேண்டும். உயரத் தூக்குவதும் பக்கவாட்டில் இழுப்பதும்தான் நிறையக் குதிரைகளை உதற வைக்கிறது.

ஜமாப்புரவி:
வட்டத் தொழுவத்தில் ஓடவிட்டால் ஒரே நாளில் பின்னாலேயே வருமே? வீடியோக்களில் அரை மணியில் முடித்துவிடுகிறார்களே. எங்கள் பக்கம் ஊர்வலக் குதிரைகளை மேளத்துக்கு நடுவே நேராக நிறுத்தித்தான் பழக்குகிறார்கள், அதுவும் நிற்கத்தான் செய்கிறது.

லாயத்து மணி:
ஓடி அலுத்த குதிரை உங்கள் பக்கம் வருவது ஓட்டம் நின்றால் போதும் என்பதற்காக. நம்பிக்கை வந்துவிட்டது என்று அதை எடுத்துக்கொள்ள முடியாது. 3 வயதில் முதுகெலும்பு இன்னும் முதிரவில்லை, சிறு வட்டத்தில் திரும்பத் திரும்ப ஓடினால் மூட்டுகளும் பழுதாகும்.

மேளத்தில் நிறுத்துவதும் அப்படித்தான். சத்தமில்லாமல் நிற்பது வேறு, அமைதியாக நிற்பது வேறு. கண் இமைக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, தாடை கல்லாக, வால் ஒட்டிக்கொண்டு நிற்கும் குதிரை உறைந்து நிற்கிறது. கூட்டத்துக்கு நடுவே வெடிப்பது அந்தக் குதிரைதான். மேளம் 100 மீட்டர் தள்ளி அடிக்கட்டும், அங்கே புல் மேய்கிறதா பாருங்கள். மேய்ந்தால் அடுத்த நாள் 90. தலை தூக்கி மேய்ச்சல் நின்றால் மறுபடி பின்னால். குடை, பிளாஸ்டிக் பை எல்லாம் இதே கணக்கு. காற்றில் படபடக்கும் பையை முதலில் குதிரையை *விட்டு விலக்கி* எடுத்துக்கொண்டு நடங்கள், குதிரை பின்தொடரட்டும். ஓடிப்போகிற பொருளைக் கண்டு குதிரைக்குப் பயம் குறைவு.

கொள்ளுப்பை:
நன்றி. கேரட், வெல்லம் கொடுத்துப் பழக்கலாமா? இன்று சொறிந்தபோது வாயை மென்று நாக்கை நக்கியது, "அடங்கிவிட்டது" என்று அர்த்தமா?

பரிமேலழகன்:
அடங்கிவிட்டது என்று இல்லை. கொஞ்சம் பதற்றமாக இருந்து இப்போது இறங்குகிறது என்பது பொருள். அதனால் மென்றதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதோடு, அதற்குமுன் என்ன செய்தீர்கள் என்றும் யோசியுங்கள். நாளை அதைப் பாதியாகக் குறையுங்கள்.

கேரட் கொடுக்கலாம், நீளவாக்கில் கீறி. வட்டமாக நறுக்கினால் தொண்டையில் அடைக்கும். குதிரை தலையை நேராக முன்னால் வைத்திருக்கும்போது, உங்கள் கையை நன்றாக நீட்டி, அதன் வாய்க்கே கொண்டுபோய்க் கொடுங்கள். சட்டைப்பையைத் தேடி மூக்கு வந்தால் ஒன்றும் கிடையாது. இரண்டு முறை பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டால் மூன்றாவது முறை பையோடு சேர்த்துக் கடிக்கும். வெல்லம் வேண்டாம், கையெல்லாம் பிசுபிசுத்துக் கையையே நக்கத் தொடங்கிவிடும்.