கிரீடத்தோடு பள்ளிக்கூடம் போனவங்க: மனசை விட்டுப் போகாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்க

தூறல்:

உள்ளூர் அழகிப் போட்டியில பட்டம் வாங்கினவங்க, கூடப் போனவங்க, வகுப்புல உக்காந்து பாத்தவங்க, யாரா இருந்தாலும் எழுதுங்க. எனக்கு ஒண்ணு மனசுலயே நிக்குது.

ரெண்டாம் வகுப்பு. கதை வாசிச்சு முடிச்சாச்சு, கேள்வி நேரம். வழக்கமா வர்ற கேள்விகள்தான். கல்லெல்லாம் நிஜ வைரமா, தூங்கும்போதும் போட்டுக்குவீங்களா, நீங்க இளவரசியா. அப்போ கடைசி வரிசையிலருந்து ஒரு பையன் எழுந்து வந்தான். எதுவும் கேக்கல. என் முன்னாடி நின்னு கண்ணை மூடிக்கிட்டுத் தலையைக் குனிஞ்சான். எனக்கு மேடையில கிரீடம் வெச்ச வீடியோவைக் கொஞ்ச நேரம் முன்னாடிதான் போட்டுக் காட்டியிருந்தேன். அதுல நான் குனிஞ்ச மாதிரியே, முழங்காலை லேசா மடக்கி.

வகுப்பு முழுக்கச் சிரிச்சிடுச்சு. கிரீடத்தை வேற யார் தலையிலயும் வைக்கக் கூடாதுன்னு எங்க ஒப்பந்தத்துலயே இருக்கு. பேன் தொத்தும், கல் உதிரும், கிரீடத்துல இருக்கற சீப்பு வளையும். காரணமெல்லாம் நியாயமானதுதான். அவன் தோளைத் தொட்டு, "கையில வாங்கிப் பாக்கறியா கண்ணா?"ன்னு கேட்டேன். அவன் கண்ணைத் திறக்கல. இன்னும் கொஞ்சம் குனிஞ்சான். அப்புறம் டீச்சர் வந்து கையைப் பிடிச்சு இடத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க.

உங்ககிட்ட யாராவது இப்படி வந்து நின்னிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?

ஊசிநூல்:

விதி சரிதான் தூறல். அதுக்குத்தான் நான் எங்க போனாலும் பையில அட்டைக் கிரீடம் வெச்சிருப்பேன். தங்கக் கலர் அட்டை, பின்பக்கம் எலாஸ்டிக், அவ்வளவுதான். கேக்கற பிள்ளைக்கு, பையனோ பொண்ணோ, மேடையில செய்யற மாதிரியே வெச்சு விடுவேன்.

என் மனசுல நிக்கறது பள்ளிக்கூடம் இல்ல, ஆஸ்பத்திரி. குழந்தைகள் புற்றுநோய் வார்டு. ஏழு எட்டு வயசுப் பொண்ணு, கீமோவுல முடி முழுக்கக் கொட்டிடுச்சு. என் தலையையே ரொம்ப நேரம் பாத்துட்டு, "இது எப்படி விழாம நிக்குது?"ன்னு கேட்டா. சீப்பு இருக்கு, வளையத்துல பின் குத்துவோம்னு காட்டினேன். "அப்போ முடி இல்லாதவங்களுக்கு?"

அவ அம்மா முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. ஆனா அந்தப் பொண்ணு குரல்ல வருத்தமே இல்ல. கணக்குக்கு விடை தேடற மாதிரி கேட்டா. நானும் அப்படியே எடுத்துக்கிட்டேன். அட்டைக் கிரீடத்தைப் பிரிச்சு, காதுக்குப் பின்னாடி எலாஸ்டிக் எங்க வரணும், உள்பக்கம் எவ்வளவு பஞ்சு வெச்சா உறுத்தாதுன்னு அவதான் சொன்னா. "ரெண்டு விரல் போற அளவுக்கு லூசா இருக்கணும்"னு விரலை விட்டுப் பாத்தா. வார்டுல மத்த பிள்ளைங்களுக்கும் அதே அளவு வெச்சுத் தரச் சொன்னா.

இந்த மாதிரி வார்டுக்குப் போறவங்களுக்கு: லேசா தொண்டை கரகரன்னாலும் போகாதீங்க. அந்தப் பிள்ளைங்களுக்கு எதிர்ப்பு சக்தி ரொம்பக் குறைஞ்சிருக்கும். பூங்கொத்து பல வார்டுல விடமாட்டாங்க. பொம்மை கொடுத்தா புதுசா, துடைக்கக்கூடியதா இருக்கட்டும்.

வெண்பலகை:

நான் நடுநிலைப் பள்ளி ஆசிரியை. மறுபக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும்.

எங்கள் பள்ளிக்குக் கிரீடத்தோடு வந்த பெண் பகடிவதை பற்றிப் பேசினார். நல்ல குரல், நல்ல எண்ணம். நடுவில், "உங்களில் யாரையாவது யாராவது துன்புறுத்தியிருக்கிறார்களா? கை தூக்குங்கள்" என்றார். முந்நூறு பிள்ளைகள் இருந்த அரங்கில் ஒரே ஒரு சிறுமியின் கை எழுந்தது. அவளைத் துன்புறுத்தியவர்கள் அவளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் "நன்றி, ரொம்பத் தைரியம்" என்று சொல்லி அடுத்த ஸ்லைடுக்குப் போனார். கையை எப்போது இறக்குவது என்று தெரியாமல் அவள் அப்படியே இருந்தாள்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். வருவதற்கு ஒரு வாரம் முன்பே ஆசிரியரிடம் பேசுங்கள். எந்த வகுப்பு, எத்தனை பேர், அண்மையில் ஏதாவது நடந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு பிள்ளை இறந்து போன வகுப்பில் போய் "உங்கள் கனவு என்ன" என்று கேட்டு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். முடிந்தவரை பெரிய அரங்கு வேண்டாம், ஒரு வகுப்பறை போதும். சின்ன வகுப்புகளுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் பேசாதீர்கள். தரையில் அவர்களோடு உட்காருங்கள், நாற்காலி போட்டால் மறுத்துவிடுங்கள். சொந்த வேதனையைக் கூட்டத்தில் சொல்ல வைக்கும் கேள்விகள் வேண்டவே வேண்டாம். "இப்படி நடந்தால் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள், ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்ல ஏதாவது இருக்கும்.

இன்னொன்று, இது முக்கியம். கிரீடம் வைத்த ஒருவரிடம் பிள்ளைகள் வீட்டில் சொல்லாததைக்கூடச் சொல்லிவிடுவார்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "நீ சொன்னது நல்லது, உனக்கு உதவி செய்யக்கூடியவரிடம் நான் சொல்ல வேண்டியிருக்கும்" என்று சொல்லுங்கள். அன்றைக்கே, பள்ளியை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே ஆலோசகரிடமோ தலைமை ஆசிரியரிடமோ சொல்லிவிடுங்கள். தனி அறையில் பிள்ளையோடு தனியாக உட்காராதீர்கள். பெற்றோர் எழுத்தில் அனுமதி கொடுக்காத பிள்ளையின் முகம் உங்கள் சமூக ஊடகப் பக்கத்தில் வரக் கூடாது. பின்னால் மாட்டியிருக்கும் பெயர்ப் பலகை, சீருடை முத்திரைகூடப் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூறல்:

டீச்சர், அந்த ஒத்தைக் கையைப் பத்திப் படிச்சதும் ரொம்பக் கஷ்டமாயிடுச்சு. அந்தப் பொண்ணுக்கு அப்புறம் என்ன ஆச்சு?

வெண்பலகை:

அன்று மாலையே ஆலோசகர் அவளோடு பேசினார். அவள் இருக்கையை மாற்றினோம். அதற்கு மேல் நான் எழுதுவது முறையில்லை.

நடுவரிசை:

டீச்சர் சொன்னதுல பாதியை ஒத்துக்கறேன். ஆனா பட்டம் வாங்கினவங்க எல்லாரும் ஸ்லைடைத் தள்ளிட்டுப் போறவங்கங்கற மாதிரி படிக்கத் தோணுது. அது சரியில்ல. மிஸ் வேர்ல்டுல 1972-லயே 'பியூட்டி வித் எ பர்பஸ்'ங்கற சமூக சேவைத் திட்டம் ஆரம்பிச்சாச்சு. மிஸ் அமெரிக்கா 1988 காயி லானி ரே ராஃப்கோ ஒரு நர்ஸ். அவங்க பட்டக் காலம் முழுக்க நர்ஸ் வேலையைப் பத்தியும், கடைசிக் கட்ட நோயாளிகளைப் பாத்துக்கறதைப் பத்தியும் பேசினாங்க. அதைப் பாத்துதான் அந்தப் போட்டியில 1989-லருந்து ஒவ்வொரு போட்டியாளரும் ஒரு சமூகப் பிரச்சினையை எடுத்துக்கணும்னு வந்தது. உள்ளூர்ப் போட்டியில நேர்காணலுக்கு உக்காரும்போது நடுவர்கள் குடைஞ்சு குடைஞ்சு கேக்கறது அதைத்தான். நிறைய பேர் பட்டத்துக்கு முன்னாடியே வருஷக்கணக்கா அந்த வேலையைச் செஞ்சிட்டு வர்றவங்க.

என் சந்திப்பு உணவு வங்கியில. எனக்கு வரிசையில வர்றவங்க பையில அரிசி, டின் சாமான் போடற வேலை. பட்டத்தோட பேர் போட்ட தோள் நாடா, அதான் சாஷ், அதோட நின்னேன். ஏற்பாடு பண்ணினவங்க போட்டோ எடுக்க ஒருத்தரைக் கூட்டிட்டு வந்திருந்தாங்க. என் முறைக்கு வந்த அம்மா, கேமராவைப் பாத்ததும் பையை முகத்துக்கு நேரா தூக்கிக்கிட்டாங்க. அப்படியே, முகம் தெரியாமலே, அடியில ஒரு கையை மட்டும் நீட்டினாங்க.

சாஷைக் கழட்டி மேஜைக்கு அடியில வெச்சேன். போட்டோகாரரைக் கிடங்குப் பக்கம் அனுப்பி, அடுக்கின பெட்டிகளை எடுக்கச் சொன்னேன். அந்த அம்மா பையை இறக்கிட்டு, "மாவு இருந்தா போடும்மா"ன்னாங்க. அதுலருந்து வாங்கறவங்க நிக்கற இடத்துல நான் சாஷ் போடறதில்ல. இதுல எங்க போட்டியோட டைரக்டருக்கும் எனக்கும் இன்னும் ஒத்துப்போகல. ஸ்பான்சருக்குப் படம் வேணும்ங்கறாங்க. பெட்டி படம் போதும்ங்கறேன்.

காற்றாடி:

நான் பட்டம் வாங்கினவ இல்ல. என் தங்கச்சிக்குத் துணையாப் போறவ. கார் ஓட்டறது, பின் குத்தறது, புத்தகப் பெட்டி தூக்கறது எல்லாம் நான்தான்.

காது கேளாத பிள்ளைங்க நாலஞ்சு பேர் படிக்கற வகுப்பு. சைகை மொழிபெயர்ப்பாளர் பக்கத்துல நின்னு செஞ்சிட்டிருந்தாங்க. தங்கச்சி எல்லாருக்கும் படம் தெரியணும்னு புத்தகத்தை முகத்துக்கு நேரா பிடிச்சுக்கிட்டு வாசிச்சா. முன்னால இருந்த ஒரு பொண்ணு எழுந்து வந்து, புத்தகத்தோட மேல்விளிம்பைப் பிடிச்சு மெதுவா கீழ இறக்கினா. அவளுக்கு உதடு தெரியணும். இறக்கி வெச்சுட்டு, தன் கன்னத்தைத் தொட்டு, சிரிங்கன்னு காட்டினா. கதையில அந்தக் கரடி சிரிக்கற இடம் அது!

இப்ப தங்கச்சி புத்தகத்தை மார்புக்குக் கீழதான் பிடிப்பா. வெளிச்சம் முகத்துல விழற மாதிரி, ஜன்னலுக்கு முதுகு காட்டாம நிப்பா. மிஸ் அமெரிக்கா 1995 ஹெதர் வைட்ஸ்டோன் ஒன்றரை வயசுல காது கேக்காமப் போனவங்க, பாலே ஆடி ஜெயிச்சவங்க. அடுத்த தடவை அவங்க படத்தை எடுத்துட்டுப் போனோம். அந்தப் பொண்ணு படத்தைப் பாத்துட்டு, ஹியரிங் எய்ட் எங்கன்னு தேடினா.

பழையபட்டம்:

எல்லாரும் பட்டம் இருக்கும்போது நடந்ததை எழுதறீங்க. முடிஞ்ச பிறகு நடக்கறதையும் யாராவது சொல்லணும்.

எனக்கு வாசிப்புதான் திட்டம். நாலாம் வகுப்புல வாராவாரம் ஒரே நாவல், ஒரு அத்தியாயம். எட்டு அத்தியாயம் முடிஞ்சப்போ அடுத்தவங்களுக்குக் கிரீடம் மாறிடுச்சு. புதுசா வந்தவங்களோட திட்டம் சாலைப் பாதுகாப்பு. அதுவும் தேவையான விஷயம், அவங்க மேல ஒரு குறையும் இல்ல. ஆனா பள்ளிக்கூடத்துல என் பேரைப் பட்டியல்லருந்து எடுத்துட்டாங்க. சாதாரணத் தன்னார்வலரா வரணும்னா பின்னணிச் சரிபார்ப்பு, விண்ணப்பம் எல்லாம் முதல்லருந்து. பிள்ளைங்க பாதுகாப்புக்காகத்தான் கேக்கறாங்க, கேக்கணும்.

எல்லாம் முடிச்சு வெறுந்தலையோட உள்ள போனேன். "கிரீடம் எங்க?"ன்னு நாலஞ்சு பேர் கேட்டாங்க. இப்ப வேற அக்காகிட்ட இருக்குன்னேன். முன்வரிசையில ஒரு பொண்ணு ரொம்பக் கோவமா என்னைப் பாத்தா. "ஒன்பதாவது அத்தியாயம் யார் படிப்பாங்கன்னு நாங்க எத்தனை வாரமா கேட்டுக்கிட்டே இருக்கோம் தெரியுமா?" கிரீடத்தைப் பத்தி அவ ஒரு வார்த்தை கேக்கல. அவளுக்குத் தெரிய வேண்டியது அந்தப் படகு கரை சேர்ந்துச்சா இல்லையாங்கறதுதான்.

அதனால இப்ப பட்டத்துல இருக்கறவங்களுக்கு: மாத்திக் கொடுக்கறதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே பள்ளிக்கூடத்துல உங்க பேருக்குத் தனி விண்ணப்பம் போட்டுடுங்க, போட்டி அமைப்பு வழியா வேண்டாம். நடுவுல நிக்கற மாதிரி நீளமான புத்தகத்தை ஆரம்பிக்காதீங்க. ஆரம்பிச்சுட்டா ஒரு பிரதியை வகுப்பு ஆசிரியர்கிட்ட கொடுத்து வையுங்க. ஏதாவது சிக்கல்னு உங்களால போக முடியாட்டியும், அவங்க விட்ட பக்கத்துலருந்து வாசிச்சுக் காட்டுவாங்க.