தினமும் நடக்கிறேன், ஆனால் தரையிலிருந்து எழ முடியவில்லை

கேள்வி: கும்பகோணம் வாசகர்

அஞ்சல் துறையில் 36 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வயது 69. விடியற்காலை ஐந்தரைக்கு மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கிவிடுவேன். மழை, பனி என்று விட்டதில்லை. சர்க்கரை இல்லை. ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை. இதைச் சொல்வது பெருமைக்காக அல்ல. அந்தப் பெருமைக்கு விழுந்த அடியைச் சொல்லத்தான்.

சென்ற மாதம் பேத்திக்குக் காதுகுத்து. குலதெய்வக் கோயிலில் தரையில் பந்தி. சம்மணமிட்டு உட்கார்ந்து பாயசம் வரை சாப்பிட்டேன். இலையை மடித்துவிட்டு எழப் பார்த்தால் முடியவில்லை. கால் மரத்திருக்கும் என்று சற்றுப் பொறுத்தேன். மரத்துப்போகவும் இல்லை. அடுத்த பந்திக்கு ஆட்கள் வந்து நிற்கிறார்கள். கடைசியில் இரண்டு பையன்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். "மாமா, இனி நீங்கள் தரையில் உட்காரவே வேண்டாம்" என்று மருமகள் அன்றே சட்டம் போட்டுவிட்டாள்.

யோசித்துப் பார்த்தால், ஊறுகாய் பாட்டிலின் மூடியைத் திறக்க இப்போதெல்லாம் பேரனைத்தான் கூப்பிடுகிறேன். எடை சென்ற ஆண்டு 62 கிலோ, இப்போது 58. "நடையால் நன்றாக இளைத்துவிட்டீர்களே" என்று தெருவே பாராட்டியது. நானும் நம்பினேன். நடையை இன்னும் அரை மணி நேரம் கூட்ட வேண்டுமா, அல்லது வயதுதான் என்று விட்டுவிடுவதா?

பதில் 1: மதுரை, பிசியோதெரபிஸ்ட்

ஐயா, நடையைக் கூட்ட வேண்டாம், விடவும் வேண்டாம். அது இதயத்துக்கு நல்லது. ஆனால் சமதரையில் நிதானமாக நடக்கும்போது முன்தொடைத் தசைக்குப் பெரிய வேலை எதுவும் இல்லை. தரையிலிருந்து எழுவதென்றால், மடங்கிய முழங்காலிலிருந்து உடம்பு முழுவதையும் தூக்க வேண்டும். வயதாகும்போது முதலில் இளைப்பது இப்படிச் சட்டென்று விசை கொடுக்கும் தசை நார்கள்தான்.

என்னை அதிகம் உறுத்துவது அந்த நாலு கிலோ. முயற்சி செய்யாமலே ஓராண்டில் எடை 5 சதவீதம் குறைவது முதுமைத் தளர்ச்சியின் ஐந்து அடையாளங்களில் ஒன்று; உங்களுக்கு ஆறையும் தாண்டியிருக்கிறது. பிடிவலு குறைவது, நடை மந்தமாவது, அசதி, நடமாட்டம் சுருங்குவது ஆகியவை மற்றவை. மூன்று இருந்தால் தளர்ச்சி என்று 2001-இல் வகுத்தார்கள். உங்கள் மூடிக் கதையையும் நான் சேர்த்துத்தான் எண்ணுகிறேன். எடை ஏன் குறைந்தது என்று முதலில் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

வீட்டில் ஒரு சோதனை. கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். உங்கள் வயது ஆணுக்கு 12-க்குக் கீழே போனால் குறைவு. அந்தச் சோதனையே மருந்தும்கூட: ஒருநாள் விட்டு ஒருநாள், எட்டெட்டாக மூன்று தடவை. எளிதானதும் மடியில் இரண்டு கிலோ அரிசிப் பையை அணைத்துக்கொள்ளுங்கள்.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். 1990-இல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப்பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்கள் ஒன்பது பேர். கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. நீங்கள் அவர்களுக்குத் தம்பி.

பதில் 2: நாகர்கோவில், இல்லத்தரசி

அந்த மருமகளின் இடத்தில் நானும் இருந்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். என் மாமியாருக்கு 74 வயதில் ஒரு காய்ச்சல். பத்து நாள் படுக்கை. எழுந்த பிறகு முற்றம் பெருக்க வந்தார்கள். "நீங்கள் உட்காருங்கள் அத்தை" என்று விளக்குமாற்றை வாங்கிக்கொண்டேன். பிறகு தேங்காய் துருவுவது, துணி மடிப்பது என்று ஒவ்வொன்றாக எல்லாமே என் கைக்கு வந்துவிட்டது. ஊரெல்லாம் என்னைப் புகழ்ந்தது. ஆறு மாதத்தில் அத்தையால் குளியலறை வரை தனியாகப் போக முடியவில்லை. பாசம் என்று நினைத்துத்தான் செய்தேன். இப்போது விளக்குமாற்றைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். குப்பை பாதி அங்கேயே கிடக்கிறது, இருக்கட்டும்.

பதில் 3: சேலம்

என் தாத்தா 91 வயது வரை ஒரு பயிற்சியும் செய்ததில்லை, கம்புபோல் நிமிர்ந்து நடந்தார். அரிசிப் பையை அணைத்து எழுவதெல்லாம் வேடிக்கையாக இருக்கிறது.

பதில் 4: மதுரை, பிசியோதெரபிஸ்ட்

தாத்தா வீட்டில் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று விசாரித்துப் பாருங்கள். கிணறு என்றால் அரிசிப் பை தேவைப்பட்டிருக்காது.

பதில் 5: கும்பகோணம் வாசகர்

எல்லோருக்கும் நன்றி. சோதனை செய்தேன். ஏழு. ஏழாவதில் நாற்காலி கிறீச்சிட்டதா முழங்கால் கிறீச்சிட்டதா என்று தெரியவில்லை.

மருத்துவரிடமும் போனேன். ரத்தப் பரிசோதனையில் பயப்பட ஒன்றுமில்லை. என் சாப்பாட்டில்தான் கோளாறு. ஓய்வுக்குப் பிறகு இரவுக்கு இரண்டு இட்லி போதும் என்று நானாக ஒரு விரதம் வைத்திருந்தேன். சிறுநீரகம் நன்றாக இருப்பதால் ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும் என்றார். இப்போது காலையில் இரண்டு முட்டை, மாலையில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், இரவில் இட்லியோடு கெட்டியான பருப்பு.

இன்னொன்று. நான் மூச்சுவாங்க ஏழு எண்ணியதைப் பார்த்துவிட்டு என் மனைவியும் உட்கார்ந்து பார்த்தாள். அவளுக்கு 65. நடைக்கு எத்தனை முறை கூப்பிட்டும் ஒருநாள்கூட வந்ததில்லை. இன்னமும் அரிவாள்மணையைத் தரையில் போட்டுத்தான் காய் நறுக்குகிறாள். பதினைந்து முறை எழுந்தாள். எழுந்து, அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று போய்விட்டாள்.