கட்சி ஒன்று சொல்கிறது, மனசாட்சி வேறொன்று சொல்கிறது: ஒரு எம்.பி. சட்டப்படி என்ன செய்ய முடியும்?

தென்பொதிகை (கேள்வி)

கட்சி ஆதரிக்கிற ஒரு மசோதா தவறு என்று ஒரு எம்.பி. உள்ளபடியே நம்புகிறார். கொறடா உத்தரவும் வந்துவிட்டது. அவருக்கு என்ன வழி இருக்கிறது? எதிர்த்து ஓட்டுப் போட்டால் பதவி போய்விடும் என்கிறார்கள். வெளிநடப்பு செய்து தப்பித்துக்கொள்ளலாம் என்கிறார்கள் சிலர். ராஜினாமாதான் நேர்மை என்று இன்னும் சிலர்.

பேச்சு காற்றில் போகாமல் இருக்க ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். 2019 டிசம்பர் 11, குடியுரிமைத் திருத்த மசோதா மாநிலங்களவையில் 125–105 என்று நிறைவேறியது. ஆதரித்தவர்களில் அதிமுகவின் 11 பேரும் உண்டு. அந்த 11 பேர் மாறி வாக்களித்திருந்தால் 114–116. இந்தக் கணக்கு அப்போது ஊரெல்லாம் பேசப்பட்டது. மசோதா சரியா தவறா என்பதை இங்கே விவாதிக்க வேண்டாம். அந்த 11 பேரில் ஒருவருக்கு மனம் ஒப்பவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவர் என்ன செய்திருக்கலாம்? "கோழை" என்ற திட்டும் "அரசியலில் இதெல்லாம் சகஜம்" என்ற சமாதானமும் போதும் போதும் என்கிற அளவுக்குக் கேட்டாயிற்று. நடைமுறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அவைக்குறிப்பு

வெளிநடப்பை முதலில் பார்த்துவிடலாம். அது பாதுகாப்பு தராது. கட்சித் தாவல் தடைச் சட்டம் எனப்படும் அரசமைப்பின் பத்தாவது அட்டவணையில் பத்தி 2, கட்சியின் உத்தரவுக்கு மாறாக வாக்களிப்பதையும் வாக்களிக்காமல் விலகி நிற்பதையும் ஒரே தட்டில்தான் வைக்கிறது. இரண்டுக்கும் தண்டனை தகுதி நீக்கம்.

அதே பத்தியில் இரண்டு வாசல்களும் இருக்கின்றன. வாக்கெடுப்புக்கு முன்பே கட்சியிடம் அனுமதி பெறுவது ஒன்று. வாக்கெடுப்பு நடந்த 15 நாளுக்குள் கட்சி அதை மன்னித்துவிடுவது இன்னொன்று. மன்னித்ததா இல்லையா என்பதை அவைக் கட்சித் தலைவர் 30 நாளுக்குள் சபாநாயகருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மக்களவையின் 1985-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அனுமதியை வாய்மொழியாகக் கேட்டுவிட்டு இருந்துவிடக் கூடாது. கொறடாவுக்கும் அவைக் கட்சித் தலைவருக்கும் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்பத்துடன் நகல் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் சபாநாயகர் முன் மனு வந்தால் விளக்கம் தர ஏழு நாள்தான் கிடைக்கும். கையில் அந்தத் தாள் இல்லாவிட்டால் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

உத்தரவு எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். உத்தரவின் வாசகத்துக்கு அடியில் ஒரு கோடு போட்டது என்றால் வாக்கெடுப்பு இருக்கிறது என்ற தகவல். இரண்டு கோடு என்றால் அவையில் இருக்க வேண்டும். மூன்று கோடு என்றால் இருந்து, கட்சி சொன்னபடி வாக்களிக்கவும் வேண்டும். மோதல் வருவது பெரும்பாலும் மூன்று கோட்டில்தான்.

மக்களவையில் டிவிஷன் (யார் எப்படி வாக்களித்தார் என்று பதிவாகும் வாக்கெடுப்பு) என்று அறிவித்ததும் மூன்றரை நிமிடம் மணி ஒலிக்கும், பிறகு கதவுகளை மூடிவிடுவார்கள். இருக்கைக்கு முன் பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று மூன்று பொத்தான்கள். பச்சை ஆதரவு, சிவப்பு எதிர்ப்பு, மஞ்சள் விலகல். வாக்குத் தொடக்கப் பொத்தானையும் வண்ணப் பொத்தானையும் ஒருசேர அழுத்தி, இரண்டாவது மணியோசை வரும்வரை விடாமல் பிடித்திருக்க வேண்டும். பாதியில் விரலை எடுத்தால் வாக்கு பதிவாகாது. சீட்டு எழுதிக் கொடுத்துத் திருத்த வேண்டியதுதான். மஞ்சளை அழுத்தினால் யாருக்கும் தெரியாது என்று நினைப்பது தவறு. விலகியதற்கு அதுவே எழுத்துச் சான்று.

குரல் வாக்கெடுப்பு இதற்கு நேர்மாறு. யார் 'ஆம்' என்றார், யார் 'இல்லை' என்றார் என்று பெயர் எங்கும் பதிவாவதில்லை. கொறடாவுக்குப் பிடி இல்லை, வாக்காளருக்கும் பிடி இல்லை. மனசாட்சியைக் காப்பாற்றிக்கொள்ள இது வசதியான இடம்தான், ஆனால் தொகுதி மக்களுக்குக் கணக்குக் காட்ட முடியாத வசதி என்பதால் எனக்கு அது பிடிக்காது. அரசமைப்புத் திருத்த மசோதாக்களில் அந்த வசதியும் கிடையாது. சிறப்புப் பெரும்பான்மை வேண்டியிருப்பதால் டிவிஷன் நடந்தே தீரும்.

கூட்டுக்குழு வாசகர்

அவைக்குறிப்பு சொன்னது முழுக்கச் சரி. ஆனால் ஓட்டுப் போடும் அந்தப் பத்து வினாடியை மட்டும் பார்த்தால் கொள்கைக்கும் நடைமுறைக்கும் இடையே இடமே இல்லாததுபோலத் தோன்றும். அதற்கு முந்தைய வாரங்களில் இடம் இருக்கிறது, அதைப் பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு.

அட்டவணையின் வாசகத்தைக் கவனியுங்கள்: 'அவையில்' வாக்களிப்பதைப் பற்றித்தான் அது பேசுகிறது. மசோதாவை ஆராயும் தெரிவுக்குழுவிலோ கூட்டுக்குழுவிலோ அளிக்கும் வாக்குக்குத் தகுதி நீக்கம் பொருந்தாது. அங்கே மாறுபட்ட கருத்தை மறுப்புக் குறிப்பாக எழுதித் தந்தால் அறிக்கையோடு சேர்த்து அச்சாகும். பின்னாளில் நீதிமன்றமும் ஆய்வாளர்களும் எடுத்துப் படிப்பது அதைத்தான். ஆகவே மசோதா குழுவுக்குப் போக வேண்டும் என்று பாடுபடுவதே பாதி வேலை. குழுவுக்கே போகாமல் நேராக அவைக்கு வருகிற மசோதாவில் இந்தக் கதவு அடைபட்டுவிடுகிறது.

அடுத்தது திருத்தம். மக்களவையில் மசோதா எடுத்துக்கொள்ளப்படும் நாளுக்கு ஒரு நாள் முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். மசோதாப் பிரதி கையில் கிடைத்து மறுநாளே விவாதம் என்றால், திருத்தத்தை எழுதி முடிப்பதற்குள் கெடு போய்விடும். தவிர, "இந்தப் பிரிவை நீக்குக" என்று எழுதுவதைவிட "இந்தப் பிரிவில் இன்னின்ன சொற்களைச் சேர்க்க" என்று எழுதினால் கட்சித் தலைமையும் அமைச்சரும் இறங்கி வருவது எளிது. ஒரு பிரிவையே எடுத்தால் அரசுக்கு அது தோல்வி, நான்கு சொற்களைச் சேர்த்தால் அது திருத்தம் மட்டுமே.

மனசாட்சிப்படி நின்று வெளிப்படையாகச் செய்து காட்டியதற்கு என் கண்ணில் சிறந்த உதாரணம் திமுக எம்.பி. திருச்சி சிவாவின் திருநர் உரிமைகள் மசோதா. அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதா அது. அரசே சட்டம் கொண்டுவரும், திரும்பப் பெறுங்கள் என்று அமைச்சர் கேட்டுக்கொண்டார். பெரும்பாலான தனிநபர் மசோதாக்கள் அந்தக் கட்டத்தில் திரும்பிப் போய்விடும். இவர் திரும்பப் பெறவில்லை. 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை அதை ஒருமனதாக நிறைவேற்றியது. தனிநபர் மசோதா ஒன்று இரு அவைகளையும் தாண்டிச் சட்டமானது கடைசியாக 1970-இல் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை தெரியும். மக்களவையில் அது நிறைவேறாமலே போயிற்று. 2019-இல் அரசு கொண்டுவந்த சட்டத்தில் சிவா கேட்டிருந்த இடஒதுக்கீடு இல்லை. தோற்றதா என்றால், கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. ஆனால் சட்டமே வேண்டாம் என்று இனி எந்த அரசும் சொல்ல முடியாத நிலையை அந்த ஒரு வெள்ளிக்கிழமை உண்டாக்கியது.

மாடத்திலிருந்து

இருவரும் சட்டம் எழுதியபடி நடக்கும் என்று எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள். நடப்பது வேறு. தகுதி நீக்கத்தைத் தீர்மானிப்பவர் சபாநாயகர் (மாநிலங்களவையில் அவைத் தலைவர்). சபாநாயகர் பெரும்பாலும் ஆளும் தரப்பிலிருந்து வருகிறவர். எத்தனை நாளில் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று அட்டவணையில் ஒரு வரிகூட இல்லை.

நடவடிக்கை இல்லாமலே போவது, சீக்கிரமே பதவி பறிபோவது என்று தமிழ்நாட்டுப் பேரவையிலேயே இரண்டையும் பார்த்தோம். 2017 பிப்ரவரி 18, எடப்பாடி பழனிசாமி அரசின் நம்பிக்கை வாக்கெடுப்பு. ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்ற கோரிக்கையைப் பேரவைத் தலைவர் ஏற்கவில்லை. முடிவு 122–11. எதிர்த்து வாக்களித்த, அதிமுகவின் ஓ. பன்னீர்செல்வம் தரப்பைச் சேர்ந்த அந்த 11 எம்.எல்.ஏ.க்கள் மீது நடவடிக்கை இல்லை. 2021-இல் பேரவையின் காலம் முடியும்வரை உறுப்பினர்களாகவே இருந்தார்கள். 2017 ஆகஸ்ட் 22 அன்று அதிமுகவின் 19 எம்.எல்.ஏ.க்கள் முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். அவையில் எதிர்த்து ஒரு ஓட்டுக்கூடப் போடவில்லை. ஒருவர் பின்வாங்கிவிட, மற்ற 18 பேருக்கும் செப்டம்பர் 18 அன்று பதவி போயிற்று. உயர் நீதிமன்றத்தில் 2018 ஜூனில் இரு நீதிபதிகள் இரு விதமாகத் தீர்ப்பளித்து, மூன்றாவது நீதிபதி அக்டோபர் 25 அன்று நீக்கம் செல்லும் என்றார்.

கடிதம் கொடுத்தவர்களுக்கு எப்படிப் பொருந்தியது என்று கேட்பீர்கள். 'தானாக முன்வந்து கட்சி உறுப்பினர் பதவியை விட்டுவிடுதல்' என்று தனியாக ஒரு காரணம் இருக்கிறது. அதற்கு ராஜினாமாக் கடிதம் தேவையில்லை, நடத்தையிலிருந்தே ஊகிக்கலாம் என்று 1994-இல் ரவி நாயக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2017-இல் பாட்னாவில் எதிர்க்கட்சிகளின் பேரணி மேடைக்குப் போன ஐக்கிய ஜனதா தளத்தின் சரத் யாதவும் அலி அன்வரும் அந்த ஆண்டு டிசம்பரிலேயே மாநிலங்களவைப் பதவியை இழந்தார்கள். ஆகவே மாறுபடுகிறவர் அவைக்குள் பேசுவது பாதுகாப்பு. எதிர்க்கட்சி மேடையில் ஏறிப் பேசுவது ஆபத்து. பேச்சு ஒன்றாகவே இருந்தாலும் இடத்தைப் பொறுத்து விளைவு மாறும்.

கட்சி நீக்கிவிட்டால் விடுதலை என்றும் எண்ண வேண்டாம். 1996-இல் ஜி. விஸ்வநாதன் வழக்கு, அதுவும் நம் பேரவையில் எழுந்ததுதான். நீக்கப்பட்டவரும் சட்டத்தின் கண்ணில் பழைய கட்சிக்காரரே, வேறு கட்சியில் சேர்ந்தால் பதவி போகும் என்று தீர்ப்பு.

தென்பொதிகை

மூவருக்கும் நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். ரகசிய வாக்கு இருக்கும் தேர்தல்களிலாவது மனசாட்சிப்படி போடலாமா? 11 பேரும் சேர்ந்தே மாறியிருந்தால் தப்பித்திருப்பார்களா?

மாடத்திலிருந்து

குடியரசுத் தலைவர் தேர்தலில் கொறடா உத்தரவு போட முடியாது, வாக்கும் ரகசியம். 1969-இல் இந்திரா காந்தி மனசாட்சிப்படி வாக்களியுங்கள் என்று கேட்டு, காங்கிரசின் அதிகாரபூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி தோற்று வி.வி. கிரி வென்றது அந்த இடைவெளியில்தான். அங்கே 'மனசாட்சி' என்பது கட்சிக்குள் நடந்த அதிகாரப் போட்டியின் ஆயுதமாகவும் இருந்தது. அந்தச் சொல்லைக் கேட்டவுடன் உருகிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மாநிலங்களவைத் தேர்தலில் 2003 முதல் வாக்குச்சீட்டைத் தன் கட்சி முகவரிடம் காட்டியாக வேண்டும். மாற்றிப் போட்டாலும் பத்தாவது அட்டவணைப்படி பதவி போகாது, கட்சி நடவடிக்கை எடுக்கலாம், அவ்வளவுதான். ஆனால் வேறு கட்சியின் ஆளிடம் சீட்டைக் காட்டினால் வாக்கே செல்லாது. 2017 ஆகஸ்டில் குஜராத்தில் காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் இருவரின் வாக்குகள் அப்படித்தான் செல்லாமல் போயின, காங்கிரஸ் வேட்பாளர் அகமது படேல் கரையேறினார்.

அவைக்குறிப்பு

11 பேர் கேள்விக்கு வருகிறேன். சேர்ந்தே மாறினாலும் தப்ப முடியாது. முன்பு மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் 'பிளவு' என்று விலக்கு இருந்தது. 2003-இல் 91-ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டது. இப்போது மிச்சம் இருப்பது 'இணைப்பு' மட்டும்: மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 11-க்கு 8 பேர், வேறொரு கட்சியோடு இணைவதை ஏற்க வேண்டும். ஒரே ஒரு மசோதாவில் மாறுபட்டுவிட்டுத் தன் கட்சியிலேயே தொடர விரும்புகிறவருக்கு இதனால் பயன் இல்லை. கொள்கைக்காக ஒரு ஓட்டு மாற்றுகிறவரைத் தண்டித்து, கூட்டமாகக் கட்சி மாறுகிறவர்களை விட்டுவிடுகிறது. இந்தச் சட்டத்தின் பெரிய குறை இதுதான் என்பேன்.

1967-இல் ஹரியானாவின் கயா லால் இரண்டே வாரத்தில் மூன்று முறை கட்சி மாறியது போன்ற கூத்துகளைத் தடுக்கத்தான் 1985-இல் சட்டம் வந்தது. ஆட்சி கவிழ்வதைத் தடுப்பது நோக்கம் என்றால், ஆட்சியைக் கவிழ்க்காத சாதாரண மசோதாவுக்கு ஏன் மூன்று கோடு? 1990-இல் தினேஷ் கோஸ்வாமி குழு, வாக்கு தொடர்பான தகுதி நீக்கத்தை நம்பிக்கை சார்ந்த வாக்கெடுப்புகளோடு நிறுத்தச் சொன்னது. 1992-இல் கிஹோட்டோ ஹொல்லோஹன் வழக்கில் உச்ச நீதிமன்றமும், நம்பிக்கை வாக்கெடுப்பு, கட்சியின் அடிப்படைக் கொள்கை இவற்றுக்கு மட்டும் இத்தகைய உத்தரவு போதும் என்ற திசையில்தான் பேசியது. கட்சிகள் கேட்கவில்லை. சட்டத்தைத் திருத்தாமலே இதைச் செய்யலாம், கட்சி உத்தரவு போடாமல் விட்டால் போதும். பிரிட்டிஷ் மக்களவையில் 2024 நவம்பர் 29 அன்று, மரணத் தறுவாயில் இருப்பவர்கள் உயிர் துறக்க உதவி பெறும் மசோதாவை அப்படித்தான் உறுப்பினர் விருப்பத்துக்கே விட்டார்கள்: 330–275.

ராஜினாமா பற்றி ஒன்று. அமைச்சர் என்றால் கூட்டுப் பொறுப்பு உண்டு, ஒப்பவில்லை என்றால் அமைச்சர் பதவியை விட்டுவிடுவதே முறை, எம்.பி. பதவி அதனால் போகாது. 1986-இல் ஷா பானு வழக்கை ஒட்டி வந்த மசோதாவை ஏற்க முடியாமல் ஆரிப் முகமது கான் விலகியது அப்படி. சாதாரண உறுப்பினர் ராஜினாமா செய்தால் எதிர்த்துப் பதிவாகியிருக்க வேண்டிய ஓட்டும் சேர்ந்து போய்விடும். அவையின் எண்ணிக்கையும் குறைவதால் மசோதா நிறைவேறுவது இன்னும் எளிதாகும். எதிர்த்து வாக்களித்துவிட்டுத் தகுதி நீக்கத்தை எதிர்கொண்டால் ஓட்டு கணக்கில் ஏறும். பிறகு இடைத்தேர்தலில் நிற்கவும் தடை இல்லை; கர்நாடக எம்.எல்.ஏ.க்கள் தகுதி நீக்க வழக்கில் 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கியது. மறுபடி வெல்லும்வரை அமைச்சராக முடியாது, அவ்வளவே.

கூட்டுக்குழு வாசகர்

ஒரு சேர்க்கை. விட்டுக்கொடுப்பதிலும் நேர்மையான முறை உண்டு. பிரிவினைப் பிரசாரத்தைத் தடுக்க அரசமைப்பின் 16-ஆவது திருத்தம் வந்த 1963-இல் அண்ணா திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டார். கைவிட்டதை ஒளிக்கவில்லை; கேட்டதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொன்னார். அந்தக் காரணங்கள்தான் பிறகு மாநில சுயாட்சிக் கோரிக்கையாக, 1969-இல் ராஜமன்னார் குழுவாக, 1974-இல் பேரவைத் தீர்மானமாக வடிவெடுத்தன. எதை விட்டோம், எதை விடவில்லை என்று பதிவு இருந்ததால்தான் அது முடிந்தது.

உங்கள் எம்.பி. எந்தப் பக்கம் நின்றார் என்று பார்க்க விரும்பினால், மசோதா நிறைவேறிய தேதியை எடுத்துக்கொண்டு அந்த அவையின் இணையதளத்தில் அன்றைய விவாதப் பதிவைத் திறங்கள். டிவிஷன் நடந்திருந்தால் ஆதரவு, எதிர்ப்பு, விலகல் என்று பெயர்கள் வரிசையாக இருக்கும். குரல் வாக்கெடுப்பு என்றால் பட்டியல் இருக்காது, அவர் பேசியிருந்தால் அந்தப் பேச்சுதான் கிடைக்கும்.