வீட்டையே வண்டியில் கட்டிக்கொண்டு போகும் பெரியவர்களே, வழியில் யாரைப் பார்த்தீர்கள்?

லிங்கராஜபுரத்துக்காரர்:

ஓய்வு பெற்ற பிறகு கேரவன் வண்டியில் சொந்தக்காரர் வீடுகளுக்கும் கோயில் குளங்களுக்கும் போய்வருகிறவர்கள் பெங்களூரில் இப்போது கொஞ்சம் பேர் இருக்கிறோம். ரூட்டு, செலவுக் கணக்கெல்லாம் எங்கேயும் கிடைக்கிறது. வழியில் யாரைச் சந்தித்தீர்கள் என்று எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

எங்களுடையது பள்ளிக்கூட வேனாக ஓடிய டெம்போ டிராவலர். பஸ் பாடி கட்டுவதற்குப் பேர்போன கரூரில் ஒரு பட்டறையில் விட்டு உள்ளே மாற்றினோம். பொங்கலுக்குள் முடித்துத் தருவதாகச் சொன்னார் பட்டறைக்காரர். எந்தப் பொங்கல் என்று சொல்லவில்லை. இரண்டு படுக்கை, 5 கிலோ சிலிண்டரில் ஓர் அடுப்பு, கூரையில் சோலார் பலகை, மூலையில் ஒரு கழிவறை. கழிவறைத் தொட்டியைக் கழற்றித் தூக்கிக்கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். இப்படி மாற்றுவதாக இருந்தால் முன்கூட்டியே ஆர்டிஓ அனுமதி வாங்கி, முடிந்ததும் ஆர்சியில் ஏற்றிவிடுங்கள். டாஷ்போர்டுக்கு மேலே வேளாங்கண்ணி மாதா படம். வீட்டுக்காரி நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். மாதா படமும் பி.பி. பார்க்கும் கருவியும் இல்லாமல் வண்டியில் ஏறமாட்டாள்.

விடியற்காலை 4 மணிக்குள் பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டிவிட வேண்டும். அத்திப்பள்ளி, ஓசூர், கிருஷ்ணகிரி வரை ஊர்ப்பேச்சு. தருமபுரி தாண்டியதும் ஜெபமாலையைக் கையில் எடுத்துவிடுவாள். தொப்பூர் இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வரும் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய் அங்கே நடந்த விபத்துகள் கொஞ்சமா நஞ்சமா? நான் கியரைக் குறைத்து ஊர்ந்துகொண்டிருப்பேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு "அருள் நிறைந்த மரியே" சொல்லிக்கொண்டிருப்பாள்.

நாங்கள் போனது தூத்துக்குடிக்கு, பனிமய மாதா திருவிழாவுக்கு. ஜூலை 26இல் கொடியேறி ஆகஸ்ட் 5இல் முடியும். என் அக்கா வீடு பெரிய கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில். திருவிழா நாட்களில் அந்த வீட்டில் கால் வைக்க இடம் இருக்காது. அதனால் வண்டியைத் தெருமுனையில் நிறுத்திக்கொண்டு, சாப்பாடும் குளியலும் அக்கா வீட்டில், படுக்கை வண்டியில் என்று முடிவு செய்தோம்.

அக்கா பிடித்துக்கொண்டாள். "ஏல, வீட்டுக்கு வந்துட்டுத் தெருவுல கெடக்கியே, ஊரு என்னைய என்ன சொல்லும்? தம்பிக்குப் பாய் விரிக்கத் துப்பில்லன்னு சொல்லாது?" அத்தான் பேப்பரை விரித்து அதற்குப் பின்னால் போய்விட்டார்.

அன்று ராத்திரி 11 மணி இருக்கும். வண்டிக் கதவைத் தட்டுகிறாள், கையில் பால் செம்பு. சண்டையின் மிச்சத்தையும் கொண்டு வந்துவிட்டாள் என்று நினைத்தேன். ஏறினாள். அலமாரியைத் திறந்தாள், மூடினாள். ஃபேன் ஸ்விட்சைப் போட்டாள், அணைத்தாள், மறுபடி போட்டாள். "மெத்தை எங்கல வாங்குன?" என்றாள். பிறகு, "கொஞ்சம் சாஞ்சுக்கிடுதேன்" என்று என் படுக்கையில் சாய்ந்தவள் காலைப் பூசைக்கு மணி அடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. திருவிழா நாட்களில் அவள் படுத்து யாரும் பார்த்ததில்லையாம். நான் டிரைவர் சீட்டில் சுருண்டு கிடந்தேன். இருட்டோடு அத்தான் டார்ச் அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் பெண்டாட்டியைத் தேடி வந்தார்.

மறுநாள் தெருவே வந்து பார்த்தது. கடலுக்குப் போவதை நிறுத்திவிட்ட ஒரு பெரியவர் மட்டும் மெத்தையையோ அடுப்பையோ பார்க்கவில்லை. குனிந்து தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்று பார்த்தார். "தண்ணிய ஒரு பக்கமா வச்சிருக்கீரே, வள்ளம்னா இந்நேரம் சாஞ்சிருக்கும்" என்றார். வளைவில் வண்டி ஒரு பக்கம் இழுப்பதை அதுவரை டயர்மேல் போட்டுக்கொண்டிருந்தோம். தொட்டி இப்போது நடுவில்.

அல்சூர் பாட்டி:

எங்களுக்குச் சொந்த வண்டி இல்லை. டிரைவரோடு வாடகைக்கு எடுத்தோம். உடுமலையில் சம்பந்தி வீடு, வழியில் பழனி. தைப்பூசத்துக்கு முந்தின வாரம். வீட்டுக்காரருக்கு மூட்டுவலி, ரயிலில் மேல்படுக்கை கிடைத்தால் என்ன செய்வது என்ற பயம்தான் கேரவனுக்குக் காரணம், வேறு ஆடம்பரம் ஒன்றும் இல்லை.

திண்டுக்கல் தாண்டி ஒட்டன்சத்திரம் போகும் சாலையில் இரண்டு ஓரமும் பாதயாத்திரைக் கூட்டம். காரைக்குடிப் பக்கத்திலிருந்து காவடியோடு நடந்து வருகிறவர்கள், பச்சை உடுத்தியவர்கள், தோளில் பிள்ளையைத் தூக்கியவர்கள். ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திச் சுக்கு மல்லிக் காப்பி போட்டுக் கொடுக்கலாம் என்று அடுப்பைப் பற்றவைத்தேன். காப்பிக்கு ஆள் வந்தது. ஆனால் ஒரு பெண், என் மகள் வயசு, டம்ளரை வாங்காமல் பக்கத்தில் வந்து மெதுவாக, "அம்மா, உள்ளே பாத்ரூம் இருக்குமா?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான். அவள் உள்ளே போய் வருவதற்குள் பின்னால் ஐந்தாறு பேர். ஆண்களுக்கு வழிநெடுகச் சாலையோரம் இருக்கிறது, பெண்கள் என்ன செய்வார்கள்? அன்னதானப் பந்தல் மைலுக்கு ஒன்று போடுகிறார்கள், தண்ணீர்ப் பந்தல், மோர்ப் பந்தல், காலுக்குத் தைலம் தேய்த்துவிடக்கூட ஆள் இருக்கிறது. புண்ணியம் தேடுகிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கக்கூடாதா? புடவை மாற்றிக்கொள்ளக் கேட்டவர்களும் உண்டு. நான் காப்பியை விட்டுவிட்டுக் கதவருகே நின்று ஆள் மாற்றி ஆள் அனுப்பிக்கொண்டிருந்தேன். தொட்டி நிறைந்ததும் டிரைவர் முகம் சுளித்தார், நியாயம்தான். பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக் காவலாளி செப்டிக் டேங்க் மூடியைத் திறந்துவிட்டார். காசு கொடுத்தபோது வாங்கவில்லை, "முருகனுக்கு வர்றவங்கதானே" என்றார்.

அந்தத் தடவை மலை ஏறவில்லை. கூட்டத்தைப் பார்த்துவிட்டு அடிவாரத்தில் திருஆவினன்குடியிலேயே கும்பிட்டுக் கிளம்பிவிட்டோம். சம்பந்தியம்மா "மேலே போகாமலா வந்தீங்க?" என்று இரண்டு தரம் கேட்டார்கள். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

சிவாஜிநகர் பாய்:

அல்சூர் அம்மா எழுதியதைப் படித்துவிட்டு என் வீட்டில் "பாருங்க, வழியில பெண்களுக்கு இதுதான் கஷ்டம்னு நான் சொல்லலையா?" என்கிறார்கள்.

நாகப்பட்டினத்தில் மகளைக் கொடுத்திருக்கிறோம். ஊருக்கு வடக்கே நாகூர், தெற்கே வேளாங்கண்ணி. எங்கள் கடை மேரி பசிலிக்காவுக்குப் பக்கம் என்பதால் செப்டம்பர் 8 திருவிழாவும் காவி உடுத்தி வரும் கூட்டமும் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அதே நாட்களில் நாகப்பட்டினம் போனால் அங்கேயும் அதே கூட்டம், அதே காவி. வருஷா வருஷம் கடையைப் பூட்டிக்கொண்டு கூட்டத்திலிருந்து கூட்டத்துக்குப் போகிறேன்.

நாகூர் தர்காவின் பெரிய மினாரா 131 அடி. கட்டிக்கொடுத்தவர் தஞ்சாவூர் மராத்திய ராஜா பிரதாப் சிங். அதைத் தூரத்தில் பார்த்ததும் வண்டியில் எல்லோரும் அமைதியாகிவிடுவோம். ஒரு தடவை இரவில் நிறுத்த இடம் தேடி அலைந்தபோது பெட்ரோல் பங்க் ஒன்றில் வேண்டாம் என்றுவிட்டார்கள். சைக்கிளில் போன ஒரு பெரியவர் தன் தென்னந்தோப்பைக் காட்டினார். கேபிள் வயர் தாழ்வாகத் தொங்கியது, எங்கள் வண்டியோ உயரம். தேங்காய் பறிக்கும் தொரட்டியால் வயரை அவர் தூக்கிப் பிடிக்க, நான் அங்குலம் அங்குலமாக உள்ளே விட்டேன். அவருக்கு நெற்றி நிறைய விபூதி. காலையில் ஃபஜ்ர் தொழுகைக்கு நான் எழுவதற்கு முன்பே வாசலில் ஒரு குடம் தண்ணீர் வைத்திருந்தார்.

தொழுகிறவர்களுக்கு ஒரு தகவல். வண்டியின் முகம் மக்கா இருக்கும் திசையில், அதாவது மேற்கே, கொஞ்சம் வடக்கே சாய்ந்து இருக்கும்படி நிறுத்தினால் நடைவழியில் பாய் நேராக விரியும். இல்லாவிட்டால் அடுப்படியில் முட்டிக்கொள்வீர்கள்.

ஜாலஹள்ளிவாசி:

எல்லாம் சரி. தூத்துக்குடிக்கு மைசூர் எக்ஸ்பிரஸ் இருக்கிறதே? ராத்திரி ஏறினால் தூங்கிக்கொண்டே போகலாம். டீசல், டோல், டயர் தேய்மானம் எல்லாம் கூட்டிப் பார்த்தீர்களா? அந்தக் காசுக்கு அக்கா வீட்டுப் பக்கத்தில் நல்ல லாட்ஜிலேயே தங்கலாம்.

லிங்கராஜபுரத்துக்காரர்:

கூட்டிப் பார்க்காமலா? மிச்சம் ஒன்றும் கிடையாது. லாட்ஜில் தங்கினால் அக்கா அந்தப் பக்கமே முகத்தைத் திருப்பியிருக்கமாட்டாள், அது வேறு.

ரயிலில் போனால் இடைக்காட்டூரில் இறங்க முடியாது. மதுரையிலிருந்து மானாமதுரை போகும் வழியில் இருக்கிறது. வயல்காட்டுக்கு நடுவில் இருதய ஆண்டவர் கோயில், 1894இல் கட்டியது, பிரான்ஸில் உள்ள ரீம்ஸ் கதீட்ரல் சாயலில். ஊசி ஊசியாகக் கோபுரங்கள், உள்ளே நிறையச் சுரூபங்கள். திரும்பும்போது வீட்டுக்காரி "இதைப் பார்த்துவிட்டுப் போகலாமே" என்றாள், திருப்பினேன். முப்பத்தைந்து வருஷம் வார்டு வார்டாக நைட் டியூட்டி பார்த்தவள் நிறுத்து என்றால் நிறுத்தத்தான் வேண்டும்.

சாயங்காலம் கதவைப் பூட்ட வந்த கோயில்பிள்ளை எங்களைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "எந்தப் பங்கு?" எந்தக் கோயிலைச் சேர்ந்தவர்கள் என்று அர்த்தம். பெங்களூர் என்றதும் அவருக்கு முகமே மாறிவிட்டது. வேப்பமரத்தடியில் நிறுத்திக்கொள்ளச் சொன்னார், குழாயைக் காட்டினார், மாதா கெபிக்குப் (குகை போன்ற சிற்றாலயத்துக்கு) பக்கத்து லைட்டை அணைக்காமல் விட்டார். காலையில் கிளம்பும்போதுதான் விஷயம் தெரிந்தது. மகள் பொம்மனஹள்ளியில் கார்மெண்ட்ஸ் வேலையில் இருக்கிறாள். ஒரு பார்சல் கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா? மீதியை வீட்டுக்காரி சொல்வாள், அவளுக்குத்தான் அதில் ஆதங்கம்.

லிங்கராஜபுரத்து வீட்டம்மா:

ஆதங்கம் ஒன்றும் இல்லை. கருவாடு. செய்தித்தாளில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் பை, அதற்கு மேலே இன்னொரு பை. இவர் அதை எடுத்து என் தலையணைக்கு அடியில் இருக்கும் பெட்டியில் வைத்தார். சேலம் வருவதற்குள் மாதா படத்துக்கே வாசனை ஏறிவிட்டது.

பொம்மனஹள்ளியில் அந்தச் சந்துக்குள் எங்கள் வண்டி நுழையாது. ஷிஃப்ட் முடிந்து கூட்டமாகப் பெண்கள் வரும் நேரம், மெயின் ரோட்டிலேயே நிறுத்திக்கொண்டு போன் செய்தேன். ஓடி வந்தாள். பார்சலை வாங்கியதும் பிரிக்கவில்லை, மூக்கருகே வைத்துப் பார்த்தாள். "நெத்திலி" என்றாள். கூட வந்த ஒடிசாப் பெண் அதற்குள் கையை நீட்டிவிட்டாள், ஒரே அறையில் இருக்கிறார்களாம். பி.பி. பார்த்தேன், அந்த வயதுக்குக் கூடுதலாகவே இருந்தது. நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு என்று சொல்லிவிட்டு வந்தேன். ஓவர்டைம் செய்கிற பெண்ணிடம் இதைச் சொல்லி என்ன பிரயோஜனம் என்று எனக்கும் தெரியும். டாக்டரைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கூட்டிப்போனேன்.

அப்பாவுக்கென்று இரண்டு சட்டை கொடுத்திருக்கிறாள், அவளே தைத்தது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தீபாவளிக்கு முந்தின வாரம் போகலாம் என்கிறார் இவர். அந்த வாரம் ஓசூர் ரோட்டில் வண்டி நகராது, முன்னாலேயே கிளம்ப வேண்டும்.