அப்டேட்: அந்த குட்டி ராக்கெட் கிட்டுக்கு ஏன் பாராசூட் இல்லன்னு கேட்டிருந்தேன்ல

போன வாரம் எஸ்டெஸ்ங்கிற அமெரிக்க மாடல் ராக்கெட் கம்பெனியோட பழைய ஆஸ்ட்ரான் ஸ்கவுட் கிட் (நாமளே ஒட்டி பறக்கவிடுற குட்டி ராக்கெட்) பத்தி போட்டு, பாராசூட்டே காணோம், பார்ட் ஏதோ மிஸ்ஸிங்னு புலம்பியிருந்தேன். மிஸ்ஸிங் எல்லாம் இல்ல, டிசைனே அப்படித்தான்!

மேல போனதும் மோட்டார்ல (ராக்கெட்ட மேல தள்ளுற மருந்து அடைச்ச குழாய்) கடைசியா ஒரு சின்ன வெடிமருந்து வெடிக்கும்ல, அது மோட்டார் கூட்டையே டியூபுக்குள்ள பின்னாடி தள்ளிடுது, எடை வாலுக்குப் போனதும் பேலன்ஸ் போயி அம்பு மாதிரி குத்திட்டு விழாம குட்டிக்கரணம் அடிச்சிக்கிட்டே மெதுவா இறங்குது. வெறும் அட்டை டியூப், பால்சாங்கிற லேசான கட்டை, மூணு ஃபின் (வால் இறக்கை), அவ்ளோதான். செம மூளை.

இன்னொண்ணு, நான் எஸ்டெஸோட இன்னொரு ராக்கெட்டான ஆல்ஃபாதான் இவங்க முதல் கிட்னு அடிச்சு சொன்னேன், தப்பு, மன்னிச்சுக்கோங்க. ஸ்கவுட்தான் முதல்ல, நம்பரே கே-1. கதை என்னன்னா, ஹாரி ஸ்டைன்ங்கிறவரோட மாடல் மிஸைல்ஸ்ங்கிற மாடல் ராக்கெட் கம்பெனிக்கு மோட்டார் செஞ்சு குடுக்கத்தான் 1958ல அமெரிக்காவுல டென்வர்ல வெர்ன் எஸ்டெஸ் இந்த கம்பெனிய ஆரம்பிச்சாரு, அவர் கட்டுன மெஷினுக்கு பேரு மேபெல் (பேரப் பாருங்க), அஞ்சரை செகண்டுக்கு ஒரு மோட்டார் தள்ளிச்சாம், அவ்ளோ மோட்டார ஸ்டைன் கம்பெனியால விக்க முடியல, அதான் இவரே தபால்ல விக்க ஆரம்பிச்சு அப்புறம் கிட்டும் போட்டாரு. 1961ல அதே கொலராடோ மாநிலத்துல இருக்குற பென்ரோஸ் ஊருக்கு மாறிட்டாங்க.

என் ஸ்கவுட்டுக்கு ஒரு ஃபின் கோணலா ஒட்டிட்டேன். பிச்சு மறுபடி ஒட்டணும்.