புதுப்பிப்பு: பையனுக்குத் தடுப்பா ஃபேக்டர் ஆரம்பிச்சாச்சுங்க

போன மாசம் கோபியிலிருந்து கேட்டிருந்தேனுங்க: 3 வயசுப் பையன், ஹீமோஃபிலியா ஏ (ரத்தம் சரியா உறையாத நோய்), ரத்தத்தை உறைய வைக்கற புரதமான ஃபேக்டர் 8 அளவு 1 சதவீதத்துக்கும் கீழே, ரத்தம் கசியறப்ப மட்டும் ஊசி போட்டாப் போதாதான்னு.

போதாதுங்க. மூட்டுல கசிஞ்சா வீக்கம் தெரியும். மண்டைக்குள்ள கசிஞ்சா, வாந்தி, தூக்கக் கலக்கம்னு நமக்குத் தெரியறதுக்குள்ளயே நேரம் போயிருக்கும். முன்கூட்டியே போட்டுட்டு வந்தா அந்த ஆபத்து நல்லாவே குறையும்னாரு டாக்டர். ஃபேக்டர் 8 ஏறக்குறைய 12 மணி நேரத்துல பாதியாயிடும், அதனால ஒருநாள் விட்டு ஒருநாள். நரம்பு தேடறதுதான் பெரும்பாடு. அப்பாரு பாக்க முடியாம தொண்டுப்பட்டிப் பக்கம் போயிடுவாரு.

ஞாயித்துக்கிழமை திண்ணையிலிருந்து தலைகுப்புற விழுந்துட்டான். முதல்ல ஃபேக்டர், அப்புறந்தான் ஸ்கேன். அந்த வரிசையை மாத்தவே கூடாதாமுங்க. ஸ்கேன்ல ஒண்ணுமில்ல. இப்ப, ஃபேக்டருக்குப் பதிலா தோலுக்கடியில போடற எமிசிசுமாப்ங்கற ஊசி மருந்தைப் பத்தி விசாரிச்சுட்டு இருக்கோம்.