கூன்வண்டுப் பொறியும் "இனக்கவர்ச்சி"யும்: வேறு சொல் தேவையா?

அன்புள்ள குழுவினருக்கு,
தென்னை விவசாயிகளுக்கான துண்டுப் பிரசுரம் ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சிவப்புக் கூன்வண்டுக்கு வைக்கும் வாளிப் பொறியைப் பற்றியது. பொறிக்குள் வைக்கும் பெரோமோன் (பூச்சி தன் வகைப் பூச்சிகளை அழைக்க விடும் வாடை) என்று வந்தாலே நாம் "இனக்கவர்ச்சி" என்று போட்டுவிடுகிறோம். பருத்திக் காய்ப்புழுவுக்கு அது சரி; பெண் அந்துப்பூச்சியின் வாடையை வைத்தால் ஆண்கள் மட்டும் வந்து விழும். கூன்வண்டில் கதையே வேறு. வாடை விடுவது ஆண், தேடி வருவது ஆணும் பெண்ணும். கூட்டத்தையே கூப்பிடுகிற இந்த வாடைக்கு ஒரு சொல் தாருங்கள்.
– பொள்ளாச்சி

தம்பி, புதுச்சொல் எதற்கு? இனம் என்றால் ஆண், பெண் என்ற பால் மட்டும்தானா? வள்ளுவர் "சிற்றினம் சேராமை" என்று அதிகாரமே வைத்தார், அங்கே இனம் என்பது நாம் சேர்ந்திருக்கும் கூட்டம். "இனம் இனத்தோடு, வெள்ளாடு தன்னோடு" என்று ஊரில் சொல்வதும் அதைத்தான். பார்க்கப்போனால் இனக்கவர்ச்சி கூன்வண்டுக்குத்தான் கச்சிதம். காய்ப்புழுவுக்குத்தான் "பாலினக் கவர்ச்சி" என்று திருத்த வேண்டும்.
– தஞ்சாவூர்

ஐயா சொல்வது இலக்கணப்படி சரி. ஆனால் பருத்தியில் இந்தச் சொல்லைப் படித்துப் பழகியவர் "ஆண் பூச்சி விழும், நடமாட்டம் தெரியும், அவ்வளவுதான்" என்று நினைப்பார். தென்னையில் ஒரு பெண் வண்டு விழுந்தால் அது இடவிருந்த முட்டை அத்தனையும் போச்சு, அதுதான் இந்தப் பொறியின் பலமே. இன்னொன்று, வாடைக்கு வரும் வண்டெல்லாம் வாளிக்குள் போவதில்லை. இளங்கன்றுகளுக்கு நடுவே மாட்டினால் பக்கத்துக் கன்றில் இறங்கிவிடும். வாளியின் வெளிப்பக்கம் சாக்கு சுற்றாவிட்டால் பிளாஸ்டிக்கில் கால் பிடிக்காமல் வழுக்கிக் கீழே விழுந்து நடையைக் கட்டிவிடும். கூட்டம் வரும் என்பது பெயரிலேயே தெரிந்தால் மாட்டும் இடத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிப்பார்கள். "திரள்கவர்ச்சி" என்று வைக்கலாம்.
– கோவில்பட்டி

"கவர்ச்சி" சினிமா சுவரொட்டியில் தேய்ந்துபோன சொல், அதை விடுங்கள். 1959இல் கார்ல்சனும் லூஷரும் பெரோமோன் என்ற பெயரைக் கட்டியபோது சுமத்தல், கிளர்த்தல் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொற்களைத்தான் எடுத்தார்கள். நமக்கு வேர் இல்லையா? "விளிகொள் வதன்கண் விளியோடு எட்டே" என்று அழைக்கும் வேற்றுமைக்கு விளி என்றே பெயர் வைக்கிறது தொல்காப்பியம். விளித்தல் அழைத்தல்தானே. "விளிமணம்" என்போம். வினைத்தொகை, மூன்று காலத்துக்கும் பொருந்தும்.
– மதுரை

விளிதல் என்றால் சாதலும்தான் ஐயா. "விளிந்தாரின் வேறல்லர்" என்று குறளிலேயே இருக்கிறது. அப்புறம் மணம் என்றதும் கல்யாணம் ஞாபகம் வரும். தென்னந்தோப்பில் நிற்பவருக்கு இது புரியாது.
– சேலம்

அழைத்துச் சாகடிக்கும் பொறிக்கு இரண்டு பொருளும் சேர்ந்தே வருகிறதே, இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? வழக்கில் விட்டால் பத்து வருடத்தில் புரிந்துவிடும்.
– மதுரை

பத்து வருடம் மரம் தாங்காது ஐயா. அடிமரத்தில் பழுப்பு நீர் வடிவதும் மென்று துப்பிய நாரும் கண்ணில் படும்போது புழு உள்ளே குடைந்து முடித்திருக்கும்.
– கோவில்பட்டி

எல்லோருக்கும் நன்றி. பெரும்பாலானோர் திரள்கவர்ச்சிப் பக்கம் நிற்பதால் தலைப்பில் "திரள்கவர்ச்சிப் பொறி" என்று போடுகிறேன். கீழே "ஆண், பெண் இரண்டு வண்டும் விழும், இளங்கன்றுகளுக்கு அருகில் மாட்டாதீர்கள்" என்று கொட்டை எழுத்தில் வரும். கடையில் கேட்டு வாங்க வசதியாக "பெரோமோன்" என்பதையும் ஒரு இடத்தில் வைத்திருக்கிறேன்.
– பொள்ளாச்சி

போடுங்கள் தம்பி, அச்சை நான் தடுக்கவில்லை. ஆனால் "இனம்" என்ற சொல்லை இப்படிப் பாலுக்கு மட்டும் தாரை வார்த்ததை நான் ஒப்புக்கொள்ளவில்லை. காய்ப்புழுப் பிரசுரம் எப்போது வருகிறது என்று சொல்லுங்கள், அங்கே பேசிக்கொள்வோம்.
– தஞ்சாவூர்